பொட்டு வைத்த வௌவால்கள்

"சீனத்துப் பெட்டியா? அது எதுக்கு?" என்று கேட்டாள் ஜெயம்மா.

"எனக்கென்ன தெரியும் சம்பந்தியம்மா? அவ கேட்டுட்டு வரச் சொன்னா, கேட்டுட்டேன்" என்றார் குழந்தைவேலு. மாப்பிள்ளையின் தகப்பனார். ரங்கூன் கியாக்டடாவில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. ஆபீஸில் இருபது பேரை நிற்கவைத்துப் பேசுகிறவர். வீட்டில் மனைவி செல்லக்கண்ணு உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

"வெறும் பெட்டி போதாதாம். சூடமரத்துப் பெட்டியாம். மூடி, முன்பக்கம் எல்லாம் பூவும் மிருகமும் மனுசனுமா செதுக்கியிருக்கணுமாம். பித்தளைப் பூட்டு தொங்கணுமாம். எங்க பக்கம் நாலு வீட்டுச் சீர்ல வந்திருச்சாம்."

"தை மாசம் நிச்சயதார்த்தத்தப்ப இதைச் சொல்லலையே?"

"அப்ப அவளுக்குத் தோணலை."

"இப்ப ஏன் தோணுச்சு?"

குழந்தைவேலு குடையைத் தேடி எடுத்துக்கொண்டார். "வெயில் ஏறுது சம்பந்தியம்மா. ட்ராமைப் பிடிக்கணும்."

அவர் படியிறங்கியதும் எதிர்வீட்டு ஜைனப் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பசுந்தாங்கில் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மொத்தம் நான்கு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்கு வீட்டிலும் தும்முவார்கள். ரகசியம் என்று ஒன்றை அங்கே வைத்துக்கொள்ள இடமே கிடையாது.

"அக்கா, அந்தம்மாவுக்குப் பெட்டி வேணாம். சாக்குத்தான் வேணும்" என்றாள் ஜைனப்.

"என்னடி சொல்றே?"

"சூலே பகோடா பக்கத்துல ரோடு கான்ட்ராக்டர் ஒருத்தர் இருக்காருல்ல? கல்லு வீடு, மோட்டார் வண்டி. அவரு பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறாங்க. உங்க சம்பந்தியம்மா அந்த வீட்டுக்கு மூணு தடவை போய்ட்டாங்க. மூணாந் தடவை மல்லியப்பூ வாங்கிட்டுப் போனாங்க. பூக்காரி எங்க கடையிலதான் அரிசி வாங்குறா."

ஜெயம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட பிறகு காரணமில்லாமல் முறித்தால் ஊர் செல்லக்கண்ணுவைத்தான் ஏசும். பெண்வீட்டுச் சீரில் சகுனக் குறை என்று ஒன்று அகப்பட்டால், முறித்தவள் புத்திசாலி, முறிக்கப்பட்டவள் ராசியில்லாதவள். மகள் அம்சவேணிக்குப் பத்தொன்பது முடியப்போகிறது. ராசியில்லாதவள் என்று ரங்கூனில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் கப்பலேறி நாகப்பட்டினத்தில் போய் இறங்கிக் காத்திருக்கும்.

"வாங்கிர வேண்டியதுதான். ஒரு குறை சொல்ல முடியாத பெட்டியா வாங்குவோம். அவ வாயை மூடி, மேல அந்தப் பித்தளைப் பூட்டையும் போடுறேன் பாரு" என்றாள் ஜெயம்மா.

மறுநாள் காலையில் இருவரும் சீனக் கடைகள் நிறைந்த லத்தாவுக்குப் போனார்கள். ஆ கோன் என்ற சீனத் தச்சனின் கடை. கடை தெரிவதற்கு முன்பே சூட வாசனை தெருமுனைக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போயிற்று. ஆ கோன் மரச்சுருள்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து உளியைத் தட்டிக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது அவன் வேலையில்லை. அது அவனுடைய பர்மிய மனைவி மா தெய்னின் வேலை. பதினைந்து வருஷமாகத் தமிழ்ப் பெண்களுக்குப் பெட்டி விற்று அவளுக்குத் தமிழ் நன்றாகவே வந்துவிட்டது. மரியாதை மட்டும் வரவில்லை. அது அவள் குற்றமில்லை. பேரம் பேசுகிறவர்களிடம் கற்ற தமிழ்.

ஒரு மூலையில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பெட்டிகள் இருந்தன. தேன் நிறத்து மரம். முன்பலகையில் தாமரைக் குளம், குளத்தில் ஜோடி வாத்து. ஒரு பக்கம் கொம்புள்ள மான். மறுபக்கம் முன்மண்டை வீங்கிய ஒரு தாடிக்கிழவன், கையில் ஒரு பழம். நாலு மூலையிலும் பித்தளைக் கட்டு. நடுவே நிலா மாதிரி வட்டமாகப் பித்தளைத் தகடு, அதில் மீன் வடிவத்தில் பூட்டு. மூடி முழுவதும் மேகம் மேகமாகச் சுருண்ட செதுக்கல், மேகத்துக்குள் என்னென்னவோ பறந்தன.

"இது நல்லாருக்கு. இது ஒண்ணு குடு" என்றாள் ஜெயம்மா.

"யாரு செத்தது?" என்று கேட்டாள் மா தெய்ன்.

"அடிப்பாவி! கல்யாணம்டி! எம் பொண்ணுக்குக் கல்யாணம்!"

"கல்யாணம்னா ரெண்டு. ஒண்ணுன்னா சாவு. சீனா வழக்கம் அது."

"எங்க வழக்கத்துல சீர் ஒத்தைப்படையாத்தான் போகணும். இருபது தட்டு எடுத்து வச்சாச்சு. இதோட இருபத்தொண்ணு. நீ ரெண்டாக் குடுத்தா இருபத்திரண்டு ஆயிரும். அதுதான் எங்களுக்குச் சாவு."

"ஒரு தட்டைக் கொறை."

"எதைக் கொறைக்க? மஞ்சளையா, குங்குமத்தையா?"

"வாழைப்பழத்தைக் கொறைக்கலாமேக்கா" என்றாள் ஜைனப்.

"நீ சும்மா இரு. ஒண்ணு கேட்டவளுக்கு ரெண்டு குடுத்தா அடுத்த மாசம் நாலு கேப்பா."

ஆ கோன் தலையைத் தூக்காமல் சீன பாஷையில் ஏதோ சொன்னான். மா தெய்ன் தமிழாக்கினாள்: "கல்யாணத்துக்கு ஒத்தைப் பெட்டி முன்வாசல் வழியாப் போச்சுன்னா இவன் தொழிலே போயிரும்ங்கறான். வேணும்னா பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போ. சாவு வீட்டுக்குப் போறது அப்பிடித்தான் போகும்."

"எம் பொண்ணு சீரு பின்வாசல் வழியாவா? அவன்கிட்ட கேளு, அவன் கல்யாணத்துல அவன் எந்த வாசல் வழியா வந்தான்னு!"

"அவன் கல்யாணம் பண்ணல. சும்மா வந்து உக்காந்துட்டான்" என்றாள் மா தெய்ன்.

இப்படியே அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் ஆ கோனே உளியைக் கீழே வைத்துவிட்டு வழி சொன்னான். இரண்டு பெட்டிகளையும் முன்வாசல் வழியாக வெளியே தூக்கிப் போவது. தெருவில் ஒன்று கைவண்டியில் ஏறும். மற்றது சந்து வழியே சுற்றிப் பின்வாசலால் திரும்பக் கடைக்குள் வந்துவிடும். அப்படியே செய்தார்கள். சீனத்துச் சாமிக்கும் நிம்மதி, நம் சாமிக்கும் நிம்மதி. பெட்டி சுமந்த கூலிகள் நாலு பேர் மட்டும் இரண்டு சாமிகளையும் சேர்த்துத் திட்டினார்கள்.

வண்டி கிளம்பும்போது மா தெய்ன் பெட்டி மூடியை உள்ளங்கையால் தட்டினாள். "நல்ல பெட்டி. அஞ்சு வௌவால் இருக்கு. அஞ்சு பாக்கியம்."

"அஞ்சு என்னது?"

"வௌவால். பாரு, மேகத்துக்குள்ள. ஒண்ணு ஆயுசு, ஒண்ணு காசு, ஒண்ணு நோயில்லாத ஒடம்பு, ஒண்ணு நல்ல மனசு. அஞ்சாவது நல்ல சாவு."

"உன் வாயில சாவைத் தவிர வேற வராதா?" என்றாள் ஜெயம்மா. ஆனால் குரலில் சுருதி இறங்கிவிட்டது. இவ்வளவு நேரமும் அதுகளை அவள் பட்டாம்பூச்சி என்று நினைத்திருந்தாள்.

வீட்டில் பெட்டியைப் பார்த்து மகிழ்ந்தவர் அவள் கணவர் கருப்பையா ஒருவர்தான். ஓடைக்கரை அரிசி ஆலையில் நானூறு கூலிகளை அதட்டுகிற மேஸ்திரி. வீட்டில் அவர் அதட்டினால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

"வௌவாலா? இருக்கட்டுமே. மூஞ்சி உங்க அண்ணன் சாடையா லட்சணமாத்தான் இருக்கு" என்றார்.

"இது வௌவால் இல்லை" என்றாள் ஜெயம்மா. "கருடன்."

அம்சவேணி குனிந்து பார்த்தாள். "கருடனுக்கு ஏதும்மா காது?"

"சீனத்துக் கருடனுக்கு இருக்கும்."

சொன்னதோடு விடவில்லை. சந்தனம் குழைத்து வந்தாள். ஐந்து வௌவால் நெற்றியிலும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். நம் வீட்டில் எதற்குப் பொட்டு வைத்தாலும் அது சாமி. ஆட்டுக்கல்லுக்கு வைக்கிறோம், அலமாரிக்கு வைக்கிறோம், ஆலையில் எஞ்சினுக்குக்கூட வைக்கிறோம். வௌவாலுக்கு வைத்தால் மட்டும் ஆகாதா?

"அம்மா, பொட்டு இல்லாம விட்டா இது யாரு கண்ணுலயும் படாதும்மா" என்றாள் அம்சவேணி.

"உனக்கு என்ன தெரியும்? போய் உலையைப் பாரு."

மகள் சொன்னதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை செல்லக்கண்ணு புருஷனைக் கூட்டிக்கொண்டு சீர் பார்க்க வந்தாள். அவளுக்குக் கொஞ்சம் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடமாட்டாள். இருபது தட்டையும் மூக்கு உரச உரச மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். குறை ஒன்றும் சிக்கவில்லை. பெட்டிக்கு வந்தாள்.

"இந்தக் கிழவன் யாரு? மண்டை பூசணிக்காயாட்டம் இருக்கே?"

"அகத்தியர் மாதிரி தெரியுது" என்றார் குழந்தைவேலு.

"நீங்க பேசாம இருங்க. சம்பந்தியம்மா, சீர்ப் பெட்டியில ஒத்தைக் கிழவன் நிக்கறானே, பொண்டாட்டி செத்தவனா?"

"இல்லை மதினி. பொண்டாட்டி உள்ள சமைச்சுக்கிட்டிருக்கா. அதான் கையில பழத்தோட பசியா நிக்கறாரு" என்றாள் ஜெயம்மா.

வாசலில் நின்ற ஜைனப் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இது என்ன, வாத்தா?"

"அன்னம்."

"பூட்டு மீனாட்டம் இருக்கு. கவிச்சி வாடை அடிக்காது?"

"பித்தளை மீன் மதினி. மீனாட்சி கண்ணு. ராவும் பகலும் மூடாது. பெட்டிக்கு இதைவிடக் காவலு உண்டா?"

செல்லக்கண்ணு நிமிர்ந்தாள். முகத்தில் தோல்வி. அந்த நிமிஷம் ஜெயம்மா ஜெயித்துவிட்டாள். மூடியில் மட்டும் ஐந்து சிவப்புப் புள்ளிகள் இல்லாமல் இருந்திருந்தால் கல்யாணம் நடந்தே இருக்கும்.

"அது என்ன, செவப்புச் செவப்பா?" செல்லக்கண்ணு மூக்கை மூடியிடம் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்தபோது, பூக்காரியிடம் முழம் கூடுதலாக வாங்கிவிட்டவளின் சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

"வௌவால்!"

"கருடன் மதினி..."

"நானும் மாயவரத்துல கோயில் மண்டபம் பாத்து வளந்தவதான். வௌவாலை எனக்குத் தெரியாது? அய்யய்யோ, பொட்டு வேற வச்சிருக்கீங்களே! பாழடைஞ்ச வீட்டுல தலைகீழாத் தொங்குறதுக்குப் பூசை பண்ற வீடா இது? இதை எம் மகன் வீட்டுக்கு அனுப்பப் பாத்தீங்களா? வௌவால் நுழைஞ்ச வீடு விளங்குமா?"

"மதினி, நீங்கதானே சீனத்துப் பெட்டி கேட்டீக?"

"பெட்டி கேட்டேன். வௌவால் கேட்டனா? ஏங்க, எழுந்திரிங்க. வெத்திலை பாக்கைத் திருப்பிக் குடுங்க. இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாது."

குழந்தைவேலு எழுந்தார். குடிக்க எடுத்த காபியைக் கீழே வைக்கவும் மனமில்லை, குடிக்கவும் தைரியமில்லை. ஒரே மடக்கில் விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டு மனைவி பின்னால் படியிறங்கினார்.

ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்குப் பெயர் வந்துவிட்டது. வௌவால் வீடு. குழாயடியில் அம்சவேணி குடத்தோடு போனால், "வழி விடுங்கடி, வௌவால் வீட்டுப் பொண்ணு வருது" என்று ஒதுங்கினார்கள். விசாரித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு வீட்டாரும் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை பொன்னுத்துரை, அம்மா பிள்ளை, ட்ராமில் அம்சவேணியைப் பார்த்ததும் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"தலைகீழாப் பிடிச்சிருந்தாரும்மா பேப்பரை" என்று வந்து சொன்னாள் அம்சவேணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் குழாயடிக்குப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஜெயம்மாவால் முடியவில்லை.

"இந்தச் சனியனைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரேன்" என்று மறுபடி லத்தாவுக்குக் கிளம்பினாள். ஜைனப்பும் போனாள்.

மா தெய்ன் கையை விரித்தாள். "திருப்பி எடுக்க மாட்டேன்."

"ஏன்? இதோட ஜோடிதான் பின்னால கெடக்கே. சேத்து வித்துக்கோ."

"கெடக்கல. முந்தாநாள் போச்சு. சூலே பகோடா பக்கத்து ரோடு கான்ட்ராக்டர் சம்சாரம் வந்தா. தெய்வானைன்னு பேரு. கையெல்லாம் தங்கம், இவ்ளோ. பொண்ணுக்குக் கல்யாணம்னா."

ஜெயம்மா ஜைனப்பைப் பார்த்தாள். ஜைனப் ஜெயம்மாவைப் பார்த்தாள்.

"அவ மட்டும் ஒத்தையா எடுத்துட்டுப் போனாளே, உங்க ஆ கோன் எந்த வாசல் வழியா விட்டான்?" என்று கேட்டாள் ஜெயம்மா.

"முன்வாசல். அவ புருசன் மோட்டார் வண்டி முன்வாசல்லதான் நின்னுச்சு. வாசக்காலைப் பேத்து எடுத்துட்டுப் போனாலும் ஆ கோன் வாயத் தொறக்க மாட்டான். ஏழைக்குத்தான் வழக்கம்" என்றாள் மா தெய்ன்.

பத்து நாள் கழித்து குழந்தைவேலு ஆலைக்கே போய்க் கருப்பையாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தார். நானூறு கூலிக்கு மேஸ்திரி. வைக்காவிட்டால் ஊர்ச் சங்கத்தில் கேள்வி வரும். அதே மாப்பிள்ளை, வேறு பெண்.

"போகாதே. போனாலும் வாயத் தொறக்காதே" என்றார் கருப்பையா.

"நான் எதுக்குத் தொறக்கணும்?" என்றாள் ஜெயம்மா.

சீர் வந்து இறங்கும் நாளன்று காலை ஜைனப்பைக் கூட்டிக்கொண்டு ட்ராமேறினாள். கியாக்டடாவில் செல்லக்கண்ணு வீட்டுக் கூடத்தில் நாற்பது பெண்கள். ஜெயம்மாவைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. யாரோ 'வௌவால்' என்று கிசுகிசுத்தார்கள். ஜெயம்மா தூணோரம் போய் உட்கார்ந்தாள்.

தட்டுகள் வந்தன. கடைசியாக நாலு ஆட்கள் மூச்சிரைக்க ஒரு பாரத்தைத் தூக்கி வந்தார்கள். மேலே சிவப்புப் பட்டு மூடியிருந்தது. கூடவே கான்ட்ராக்டர் சம்சாரம் தெய்வானை. அந்தம்மா நடந்தால் நகை முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள்.

"சம்பந்தியம்மா, இதைப் பாருங்க!" என்று பட்டை உருவினாள்.

"ஆகா!" என்று முன்கூட்டியே தயாராக வைத்திருந்ததைச் செல்லக்கண்ணு சொல்லிவிட்டாள். அப்புறம்தான் பார்த்தாள். இந்தக் காட்சிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. வாய் திறந்தபடி நின்றது. கை தானாகப் போய்ப் பட்டை இழுத்துப் பெட்டிமேல் போட்டது.

"ஏன் மதினி மூடுறீக? நாங்களும் பாக்கறோமே" என்றாள் ஜெயம்மா தூணோரத்திலிருந்து.

"தூசி விழும்..."

"விழட்டும். சீருன்னா நாலு பேரு பாக்கத்தானே?" என்று தெய்வானையே மறுபடி பட்டை உருவினாள். "லத்தா ஆ கோன் கைவேலை. இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்துச்சாம். யாரோ முந்திக்கிட்டாங்களாம்."

"முந்துனது நான்தான் மதினி" என்றபடி ஜெயம்மா எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். "அதேதான். அதே கிழவன், அதே வாத்து. செல்லக்கண்ணு மதினி, எனக்குக் கொஞ்ச நாளாக் கண்ணு மங்கலு. மூடியில அஞ்சு பறக்குதே, அது என்ன?"

"அது... பூவு."

"பூவுக்குக் காது இருக்கே?"

"பட்டாம்பூச்சி."

"பட்டாம்பூச்சியா?" என்றாள் தெய்வானை. "வௌவாலுங்க சம்பந்தியம்மா! கடைக்காரி சொன்னாளே. அஞ்சு வௌவால், அஞ்சு பாக்கியமாம்."

"வௌவாலா!" ஜெயம்மா கன்னத்தில் கை வைத்தாள். "மதினி, வௌவால் நுழைஞ்ச வீடு விளங்காதுன்னு எங்க வீட்டுல வந்து சொன்னீகளே. அதுக்காகத்தானே எம் பொண்ணு நிச்சயத்தை முறிச்சீக?"

கூடத்தில் நாற்பது தலைகளும் செல்லக்கண்ணு பக்கம் திரும்பின.

தெய்வானைக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "சம்பந்தியம்மா, நான் கொண்டாந்த பொருளால உங்க வீடு விளங்காமப் போகுமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போகும்னா தூக்கிட்டு வந்த ஆளுங்க இன்னும் படியிறங்கலை. பெட்டியும் திரும்பும், நானும் திரும்புறேன்."

செல்லக்கண்ணு புருஷனைத் தேடினாள். குழந்தைவேலு சுவரில் மாட்டியிருந்த சக்கரவர்த்தி படத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாது" என்றாள் செல்லக்கண்ணு.

"கேக்கலை" என்றாள் தெய்வானை.

"வௌவால் நல்லதுதான். லட்சுமி. சீனத்து லட்சுமி."

"அப்ப எங்க வீட்டு வௌவால்?" என்றாள் ஜெயம்மா.

"அதுவும்... நல்லதுதான்."

"எம் பொண்ணு?"

"அவளுக்கென்ன? தங்கம்."

"கடைசி வரிசையில இருக்கறவங்களுக்குக் கேக்கலை மதினி. எங்க குழாயடிப் பொம்பளைங்க ரெண்டு பேரு அங்கதான் இருக்காங்க."

"தங்கம்னு சொல்றேன்ல!" என்று செல்லக்கண்ணு கத்தினாள்.

"அப்புறம் எதுக்கு முறிச்சீக?"

"இதென்ன கேள்வி?" என்று தெய்வானை சிரித்தாள். பெரிய மனுஷிகள் சிரிக்கிற சிரிப்பு, எதிரில் இருப்பவர் மனசைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. "என் வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டு முறிச்சாங்க. அது தெரிஞ்சுதானே பொண்ணைக் குடுக்கறேன். காசைக் கண்டு வளையிற மாமியாதான் எம் பொண்ணுக்கு வசதி. சரி, நேரமாகுது. சம்பந்தியம்மா, குங்குமம் எடுங்க. அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு பொட்டு வச்சு, ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடுங்க."

செல்லக்கண்ணு வைத்தாள். கண்ணாடி இல்லாததால் முதல் வௌவாலுக்கு மூக்கில் வைத்துவிட்டாள். தெய்வானை, "நெத்தியில சம்பந்தியம்மா, நெத்தியில" என்று திருத்தினாள். ஐந்தாவதுக்கு வரும்போது கை பழகிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் வௌவால் வீடு என்ற பெயர் பசுந்தாங்கைக் காலிசெய்துகொண்டு கியாக்டடாவில் குடியேறிவிட்டது. குழாயடியிலிருந்து இரண்டு பெண்கள் படியேறி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் அம்சவேணியிடம் புளி கடன் கேட்டுப் போனார்கள்.

ஜெயம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடத்தின் நடுவில் நின்று முழுவதையும் நடித்துக் காட்டினாள். செல்லக்கண்ணுவாகக் குனிந்தாள், தெய்வானையாக நிமிர்ந்தாள். ஜைனப் இடையிடையே "அல்லாவே, அந்த மூக்கு!" என்று எடுத்துக் கொடுத்தாள். அம்சவேணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, நீ அன்னைக்குப் பொட்டு வைக்காம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா என்ன?"

"அவங்க கண்ணுல பட்டிருக்காது. கல்யாணம் நடந்திருக்கும். மூணு தடவை அந்தக் கல்லு வீட்டுக்குப் போனாங்கன்னு உனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பத்தானே இவ்வளவு ஓடினே?"

ஜெயம்மா ஜைனப்பைப் பார்த்தாள். ஜைனப், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு..."

"நாலு பேரு குழாயடியில ஒரு மாசம் சொன்னாங்க. அந்தம்மா வீட்டுக்குள்ள உக்காந்து ஆயுசுக்கும் சொல்லியிருப்பாங்க. அவரு பேப்பரைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருப்பாரு."

"ஆமா" என்றாள் ஜெயம்மா. "அனுப்பியிருப்பேன்டி. அனுப்பிட்டு, சந்தோஷமா வேற இருந்திருப்பேன்."

"அடுத்து யாராவது வந்தா, சீருக்கு என்ன வேணும்னு அவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி, ஆளு வேணுமான்னு என்னைக் கேளு."

"நீ வேணாம்னு சொல்லிட்டா?"

"வேணாம்னுதான் அர்த்தம்."

ஜெயம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். சண்டைக்கு வார்த்தை தேடிப் பார்த்தாள், கியாக்டடாவிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வந்திருந்தாள்.

"சரி, கேக்கறேன்" என்றாள்.